கலியாணம் கட்டினவளின் பின்னல்

என்னுடைய கார் கராஜில் நின்ற ஒரு காலையில் மகன்தான் என்னை வேலைக்குக் கொண்டுபோய் விட்டான். முன் சீற்றில் ஏறி பெல்ற்றை இழுத்தபோதே ஒரு மணம் மூக்கில் அடித்தது. சென்ற் மணம் இல்லை, சாப்பாட்டு மணமும் இல்லை. வெண்ணெயை உருக்கி, அதில் ஏதோ வாசனைச் சரக்கைப் போட்டு ஆறவிட்டது போல ஒன்று. தலையைச் சாய்த்தேன். பிடரியில் பிசுபிசுத்தது. திரும்பிப் பார்த்தால், தலை சாயும் இடத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை பளபளத்தது.

“தம்பி, இதில ஆர் இருந்தது?”

“ஒருத்தருமில்லை அம்மா.”

“ஒருத்தரும் இருக்காமல் கறை எப்பிடி வந்தது?”

“வேலையில ஒரு பிரெண்ட். ட்ரொப் பண்ணினனான்.” சிவப்பு விளக்குக்கு நிற்கும்போது என்னைப் பார்த்துக் கதைக்கிறவன், அன்று விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு ஐமிச்சம் கூட, எதிலும் சந்தேகம். அதை நான் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. டண்டினொங்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறேன். மாத்திரையை விழுங்கிவிட்டேன் என்று சொல்லுகிற வாயைத் திறக்கச் சொல்லி, நாக்குக்குக் கீழே பார்ப்பது என் தொழில். பத்தில் ஒருவராவது அங்கே ஒளித்து வைத்திருப்பார்.

மகன் இங்கேதான் வளர்ந்தவன். மன்னாரிலிருந்து வரும்போது அவனுக்கு நடக்கத் தெரியும், கதைக்கத் தெரியாது. இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறான். முப்பதை நெருங்குகிறான். அவனுக்கு நான் பார்த்த பெண்பிள்ளைகளின் படங்களை எல்லாம் “நல்லம் அம்மா, பிறகு பாப்பம்” என்று ஒரே குரலில் சொல்லித் திருப்பித் தந்தவன். வேண்டாம் என்று சண்டை பிடித்திருந்தால் எனக்கு இவ்வளவு சந்தேகம் வந்திராது.

அன்று பின்னேரம் கணவரிடம் சொன்னேன். வெயார்ஹவுஸில் விடியவே வேலை தொடங்குகிற மனிதர். கதிரையில் காலை நீட்டிக்கொண்டு கேட்டார்.

“பொடியன் குறொஸோன் சாப்பிட்டிருப்பான். ஒரு பட்டர்க் கறைக்குப் பின்னால என்னத்துக்கு ஓடுறீர்?”

“குறொஸோனைத் தலையாலயோ சாப்பிடுறவை?”

அவர் ரீவியின் சத்தத்தைக் கூட்டினார். அவர் அவ்வளவு சுகமாக அந்தக் கதையை விட்டதும் எனக்குச் சரியாகப் படவில்லை.

அந்த மணம் யாருடைய தலையில் இருந்து வந்திருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கள் ஆட்கள் என்றால் தேங்காயெண்ணெய் காட்டிக்கொடுத்துவிடும். நல்லெண்ணெயும் எனக்குத் தெரியும். தலையில் வெண்ணெய் வைக்கிற ஒருத்தரையும் நான் அறியேன். பஸ்ஸில் முன்னால் நிற்கிறவர்களின் தலைக்குக் கிட்ட மூக்கைக் கொண்டுபோகிற அளவுக்கு வந்துவிட்டேன்.

விடை கோயிலில் கிடைத்தது. எங்கள் கோயிலில் மாதத்தில் ஒரு ஞாயிறு தமிழ்ப் பூசை. அது முடிய எரித்திரியா நாட்டுக் கத்தோலிக்கருக்கு அவர்களுடைய மொழியில் பூசை நடக்கும். நாங்கள் வெளியே வர அவர்கள் உள்ளே போவார்கள், வாசலில் சிரிப்போம், அவ்வளவுதான் பழக்கம். அன்று ஹோலில் தேத்தண்ணி கொடுக்கிற முறை என்னுடையது. கோப்பைகளைக் கழுவி அடுக்கிவிட்டு வாசலுக்கு வந்தபோது, அவர்களுக்கு ஏதோ பெருநாள் போல, வழமையைவிட நிறையப் பேர் வந்துகொண்டிருந்தார்கள். பெண்கள் எல்லாம் வெள்ளையில், கரையில் மட்டும் நிறநிறமாகப் பூவேலை செய்த மெல்லிய பருத்திப் போர்வையைத் தலையில் போட்டிருந்தார்கள். ஒரு வயதான அம்மா என்னைக் கடந்து போனா. அந்த மணம்! காரில் அடித்த அதே வெண்ணெய்.

நான் லேஸ் முக்காட்டை மடித்துக் கைப்பைக்குள் வைக்கிற சாட்டில் அங்கேயே நின்றேன். அதுவரை அந்தத் தலைகளை நான் சரியாகப் பார்த்ததே இல்லை. போர்வை விலகிய இடத்தில் எல்லாம் ஒவ்வொரு மாதிரிப் பின்னல். சிலருக்கு, நெற்றியில் தொடங்கி உச்சியைத் தாண்டிப் போகிற மெல்லிய வரிகள், உழுத வயலைப்போல. தோலோடு ஒட்டிப் பின்னியிருந்ததால் வரிக்கு வரி நடுவில் வகிடு தெரிந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு நுனியில் மணி. எங்கள் பின்னல் தலையைவிட்டு இறங்கிய பிறகுதான் பின்னலாகிறது. இவர்களுடையது தலையிலேயே தொடங்கித் தலையிலேயே முடிகிறது.

இப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதுதான் கார் தரிப்பிடத்தில் மகனுடைய காரைக் கண்டேன். நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் தவிர கோயில் பக்கம் வராதவன், காருக்குப் பக்கத்தில் இஸ்திரி போட்ட சேட்டுடன் நின்றான். பின் கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் இறங்கினாள். உயரமானவள். கதவில் கொழுவி அவளுடைய போர்வை தோளுக்குச் சரிந்தது. தலை முழுக்கத் தெரிந்தது. தடித்த வரி ஒன்று, மெல்லிய வரி ஒன்று என்று மாறி மாறி நெற்றியிலிருந்து பின்னால் போயிருந்தன. பிடரிக்கு வந்ததும் பின்னலை விட்டு, முடியை விசிறி மாதிரி விரித்திருந்தாள். நெற்றி வகிட்டில் பொன்னிறத்தில் ஏதோ தொங்கியது.

மகன் போர்வையைக் கதவிலிருந்து எடுத்து அவளுடைய தலையில் போட்டுவிட்டான். அவசரப்படாமல், தினமும் செய்கிறவன் மாதிரி. நான் ஒரு வானுக்குப் பின்னால் மறைந்தேன். என்னுடைய வயதில் அது செய்கிற வேலை இல்லை. ஆனாலும் மறைந்தேன்.

அன்று வீட்டில் நான் ஒன்றும் கேட்கவில்லை. வாயைத் திறக்கச் சொல்லுமுன் நாக்குக்குக் கீழே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவேண்டும். முதியோர் இல்லத்தில் என்னோடு வேலை செய்கிறவர்களில் எதியோப்பியாக்காரி ஒருத்தி இருக்கிறாள். என் வயதுதான், வாய் நிறையக் கதைப்பாள். அடுத்தநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்து, என் தலையிலேயே விரலால் கோடு கோடாக இழுத்துக் காட்டினேன்.

“இப்படி ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு. இங்கே பின்னால் விரித்து விட்டிருக்கிறது. இதற்கு ஏதாவது அர்த்தம் இருக்கா?”

“நெற்றியில் தங்கம் இருந்ததா?”

“இருந்தது.”

“எரித்திரியாப் பெண்ணா?”

“அப்படித்தான் நினைக்கிறேன்.”

“எங்கள் வடக்கிலும் இது இருக்கிறது” என்றாள். “கல்யாணம் முடித்தவர்கள் பின்னுகிற பின்னல். கல்யாணப் பெண்ணுக்கும் இதைத்தான் பின்னுவார்கள்.” பிறகு என்னுடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “இந்தக் காலத்துப் பெண்கள் பெருநாளுக்கு அழகுக்கும் பின்னிக்கொள்கிறார்கள்தான். ஏன் கேட்கிறாய்?”

“சும்மா.”

அவள் நம்பவில்லை. அவளுடைய கடைசி வசனத்தை நானும் நம்பவில்லை. கல்யாணம் முடித்தவள். அந்த இரண்டு சொல்தான் பின்னேரம்வரை தலைக்குள் சுற்றியது. யாரோ ஒருத்தனுடைய பெண்சாதியைக் காரில் ஏற்றிக்கொண்டு கோயில் வாசல்வரை வருகிறான் என் பிள்ளை. அந்தப் புருசன் எங்கே? தெரிந்தால் சும்மா இருப்பானா? எங்கள் சனம் கண்டிருந்தால்? அன்று தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றவர்களின் முகங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்து, அவர்களிலும் சந்தேகப்பட்டேன்.

மகன் குளித்துவிட்டுச் சாப்பிட வந்தான். கணவரும் மேசையில் இருந்தார். நான் சோற்றைப் போட்டுக் கறியையும் விட்டேன். அவன் முதல் வாய் வைத்த பிறகு கேட்டேன்.

“தம்பி, ஞாயிற்றுக்கிழமை கோயிலடியில உன்னைக் கண்டனான்.”

அவன் மெல்லுவதை நிறுத்தினான்.

“அந்தப் பிள்ளை கலியாணம் கட்டினவள்.”

அவன் தகப்பனைப் பார்த்தான். தகப்பன் கோப்பையைப் பார்த்தார்.

“ஆர் அம்மா உங்களுக்குச் சொன்னது?”

“ஆர் சொன்னால் என்ன? ஓமோ இல்லையோ?”

“ஓம்.”

“ஆரைக் கட்டினவள்?”

“என்னை.”

தண்ணீர் குடிக்கிறதற்குக் கோப்பையை எடுத்தேன். குடிக்காமல் திரும்ப வைத்தேன். அவன் கதிரையை இழுத்துக்கொண்டு எனக்குக் கிட்ட வந்து, இங்கிலிசும் தமிழும் கலந்து முழுக்கச் சொன்னான். பெண் அதே ஆஸ்பத்திரியில் நேர்ஸ். மூன்று வருசமாகப் பழக்கம். தகப்பன் இல்லை. தாய்க்கு நெஞ்சில் ஒப்பரேசன் என்று திகதி வந்தபோது, “நான் திரும்பி வருவனோ தெரியாது, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டுத்தான் படுப்பேன்” என்று தாய் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறா. சிற்றிக்குப் போய் ரெஜிஸ்ரர் பண்ணிவிட்டார்கள். தாய் ஒப்பரேசனில் தப்பி எழும்பிவிட்டா. எழும்பி, கை தூக்க முடிந்த முதல் வாரமே மகளை இருத்தி, கல்யாணமானவளின் பின்னலைத் தானே பின்னிவிட்டாவாம். கட்டினவள் குமர்ப்பிள்ளை மாதிரித் தலையோடு திரியக்கூடாதாம்.

“அப்ப கறை?”

“அது அவவின்ர அம்மா. தலைக்குப் பட்டர் வைக்கிறவ. செக்கப்புக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போறனான்.”

“அவவுக்குச் சொல்லியிருக்கிறாய். எனக்குச் சொல்லேல்லை.”

“சொல்ல வெளிக்கிட்டனான் அம்மா. ஒவ்வொரு கிழமையும் வெளிக்கிட்டனான்.”

“நானும் நெஞ்சு வருத்தம் எண்டு படுத்திருந்தால் எனக்கும் சொல்லியிருப்பாய், என்ன?”

அவன் அழுதான். நான் அழவில்லை. குசினிக்குள் போய், கழுவிய சட்டியைத் திரும்பக் கழுவினேன். அவ்வளவு அவசரமாக ஏன் கலியாணம் எழுதினார்கள்? விசாவுக்கோ? வயிற்றில் பிள்ளையோ? இரண்டையும் கதவடியில் வந்து நின்ற மகனிடம் கேட்டேன். அவள் பத்து வயதில் வந்து எப்போதோ சிற்றிசன் எடுத்தவள் என்றான். இரண்டாவது கேள்விக்கு, “அம்மா!” என்று மட்டும் சொன்னான். கணவரிடம் தனியாகக் கேட்டேன், “உங்களுக்கு இது முதலே தெரியுமோ?” என்று. இல்லை என்றார். அதை நான் இன்றுவரை முழுதாக நம்பவில்லை.

இரண்டு கிழமை நான் மகனோடு சரியாகக் கதைக்கவில்லை. பிறகு கணவர்தான், “போய்ப் பாத்திட்டு வருவம். பாத்த பிறகு பிடிக்காட்டில் சொல்லும்” என்றார். நோபிள் பார்க்கில் அவர்களுடைய வீட்டுக்கு ஒரு சனிக்கிழமை காலை, கேக் ஒன்றும் பழங்களும் வாங்கிக்கொண்டு போனோம்.

தாய் வாசலில் நின்றா. மெலிந்த, நிமிர்ந்த மனிசி. தலையில் அதே வெள்ளைப் போர்வை. புருசன் இல்லாதவ என்பதால்தான் வெள்ளை என்று நான் எனக்குள்ளேயே முடிவெடுத்திருந்தேன். மகளும் அப்படியே போட்டுக்கொண்டு வந்தபோதுதான், அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று விளங்கியது. தாய் என்னை மூன்று தரம் கன்னத்தோடு கன்னம் வைத்து வரவேற்றா. ஆனால் கண் என்னைத் துழாவியது. நெற்றி, கழுத்து, செருப்பு என்று ஒன்றையும் விடாமல். நான் என் வேலையில் செய்கிற பார்வை அது. இன்னொருத்தர் என்னில் அதைச் செய்தபோது உடம்பு கூசியது.

கோப்பிக் கொட்டையை எங்களுக்கு முன்னாலேயே வறுத்து, புகையை எங்கள் பக்கம் கையால் விசிறிவிட்டார்கள். சோளப்பொரி வைத்தார்கள். கோப்பிக்குச் சோளப்பொரியா என்று கணவர் என்னைப் பார்த்தார். தாய் தங்கள் மொழியில் நீளமாக ஏதோ சொன்னா. மகள் தயங்கினாள்.

“அம்மா கேட்கிறா, ஏன் இவ்வளவு நாள் எடுத்தீர்கள் என்று” என்றாள் இங்கிலிசில். “எங்களில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள்தான் முதலில் வந்து கேட்கவேண்டும். நீங்கள் வருவீர்கள், வருவீர்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தாவாம். வராதபடியால், எங்களைப் பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டா.”

“எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லு” என்றேன். “போன மாதம்தான் எனக்கே தெரியும். அதுவும் உன்னுடைய தலையைப் பார்த்துத்தான் தெரியும்.”

அவள் அதை மொழிபெயர்த்தாள். தாய் கோப்பியை ஊற்றுவதை நிறுத்திவிட்டு என் மகனைத் திரும்பிப் பார்த்தா. அவன் சோளப்பொரிக் கிண்ணத்துக்குள் எதையோ தேடினான். தாய் அவனிடம் நேரே, தனக்குத் தெரிந்த இங்கிலிசில், “நீ சொன்னேன் என்றாய்” என்றா. அந்த வீட்டில் என் பக்கம் கதைத்த முதல் ஆள் அவதான்.

பிறகு இன்னொன்றும் சொன்னா. தமிழர்கள் நிறையப் பேர் விசா இல்லாமல் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அவனுடைய பாஸ்போட்டை ஒருக்கால் பார் என்று மகளிடம் சொன்னாவாம். கணவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் பிள்ளையையா? நான் அவவின் பிள்ளையைப் பற்றி அதையே கேட்டிருக்கிறேன் என்பது கோப்பியின் இரண்டாவது கோப்பையில்தான் எனக்கு உறைத்தது. அதை நான் யாருக்கும் சொல்லவில்லை.

கோயிலில் ஆசீர்வாதக் கலியாணம் செய்வது என்று முடிவானது. அடுத்த சண்டை தலையில் தொடங்கியது. கோயிலுக்குக் கொண்டை போட்டு, பூ வைத்து, அதற்கு மேல் நெற் முக்காடு போடவேண்டும் என்று நான் சொன்னேன். தாய்க்குப் பின்னல்தான் வேண்டும். எங்கள் சனத்துக்கு முன்னால் தங்களுடையதைக் காட்டிப் பெருமை எடுக்கப்போகிறார்கள் என்று நான் நினைத்தேன். தன் பிள்ளையைத் தமிழ்ப் பெண்ணாக்கி ஒளிக்கப் பார்க்கிறார்கள் என்று அவ நினைத்தாவாம். இதைப் பெண்தான் பிறகு எனக்குச் சொன்னாள். கடைசியில் அவளே தீர்ப்பு வழங்கினாள். கோயிலுக்குக் கொண்டையும் நெற்றும். அடுத்தநாள் அவர்களுடைய விருந்துக்குப் பின்னல். “இரண்டு நாளும் என்னுடைய தலைதானே நோகப்போகிறது?” என்றாள்.

விருந்தன்று பின்னலைப் பார்க்க வரச்சொன்னார்கள். காலையிலேயே போனேன். ஒருவேளை நான் வரமாட்டேன் என்றுதான் கூப்பிட்டார்களோ என்ற நினைப்பும் இருந்தது. பெண் நிலத்தில் குஷனில் இருந்தாள். பின்னுவதற்கென்று வந்திருந்த வேறொரு அம்மா கதிரையில் இருந்து, அவளுடைய தலையை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்திருந்தா. சீப்பின் வால்முனையால் கோடு கிழித்து, ஒரு பிடி எடுத்து, அடியில் இருந்து முடியைச் சேர்த்துச் சேர்த்து இழுத்துப் பின்னினா. தடித்தது ஒன்று, அதற்குப் பக்கத்தில் நூல் மாதிரி ஒன்று. பெண்ணின் கண்ணில் தண்ணீர் முட்டியது. அசைந்தால் சீப்பால் ஒரு தட்டு. மத்தியானம் ஆகியும் அரைத் தலைதான் முடிந்திருந்தது.

சுற்றிவர ஏழெட்டுப் பெண்கள். அவர்களுடைய திக்ரின்யா மொழியில் கதையும் சிரிப்பும். ஒருத்தி என்னைப் பார்த்து ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது.

“என்ன சொல்லுகிறார்கள்?” என்று மருமகளிடம் கேட்டேன்.

“ஒன்றுமில்லை அன்ரி.”

“ஒன்றுமில்லாததற்கு ஏன் சிரிக்கிறார்கள்?”

முழங்கால்களுக்கு நடுவிலிருந்து அவள் முணுமுணுத்தாள். “உங்கள் முடி உண்மையா என்று கேட்கிறார்கள். அவ்வளவு நீளமாக இருக்கிறது, பொய்முடியாகத்தான் இருக்கவேண்டும் என்று சொல்கிறார்கள்.”

என் பின்னல் அன்று இடுப்புவரை இருந்தது. அதில் பாதிதான் என்னுடையது. மற்றப் பாதி சவரி. விசேசங்களுக்கு வைத்துப் பின்னுவேன். இத்தனை வருசத்தில் எங்கள் ஆட்கள் ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. சொல்லாமல் விட்டிருக்கலாம். என்ன நினைத்தேனோ, பின்னலை முன்னால் இழுத்து, ரிப்பனை அவிழ்த்து, சவரியைக் கழற்றிப் பக்கத்தில் இருந்த சம்பந்தியின் மடியில் போட்டேன்.

அந்த அறை முழுக்கச் சிரித்தது. சம்பந்தி சவரியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, விரலால் உருட்டி, மூக்கில் வைத்து மணந்து பார்த்தா. பிறகு தன் போர்வையை விலக்கி, நெற்றியோரத்தில் ஒரு பின்னலைத் தூக்கி எனக்குக் காட்டினா. அதிலும் பாதி கடையில் வாங்கியதுதான். ஒப்பரேசனுக்குப் பிறகு முடி கொட்டிவிட்டதாம். அதை மகளுக்கே சொல்லவில்லை போல. மருமகள் தலையைத் திருப்ப, பின்னுகிற அம்மா சீப்பால் ஒன்று போட்டா.

பின்னேரம் எல்லா வரியும் முடிந்து, பிடரியில் முடியை விரித்துவிட்டு, வகிட்டில் தங்கத்தைக் கோர்த்தார்கள். வெள்ளை உடுப்போடு அவள் எழும்பி வந்தபோது, வந்திருந்த எங்கள் சனத்தில் ஒரு அன்ரி என் காதுக்குள், “ஏன் இவ்வளவு அவசரமாய்ச் செய்தனியள்?” என்று கேட்டா. நேற்றுக் கோயிலிலும் இரண்டு பேர் அதையே கேட்டிருந்தார்கள். “அவசரமில்லை, நாங்கள்தான் பிந்திப்போனம்” என்று சொல்லிவிட்டு முன்வரிசைக்குப் போய் இருந்தேன்.

இப்போது அவர்கள் இரண்டு பேரும் தனியாக பிளற் எடுத்து இருக்கிறார்கள். கிழமையில் ஒருநாள் சம்பந்தி எனக்குப் போன் எடுப்பா. என் மருமகள் சொல்லிக்கொடுத்த தமிழில், “சுகமா?” என்பா. நானும் அவள் சொல்லிக்கொடுத்த அவர்களுடைய மொழியில் ஒரு சொல் சொல்லுவேன். அதோடு இரண்டு பேரிடமும் சரக்கு முடிந்துவிடும். அவவின் வீட்டில் ரேடியோ பாடும். என் அடுப்பில் ஏதாவது கொதிக்கும். போனை வைக்கட்டோ என்று கேட்கத் தெரியாமல், பார்க்க வந்திருக்கிற பிள்ளைகளில் யாராவது அதை வாங்கும்வரை இரண்டு பேரும் காதில் வைத்துக்கொண்டு நிற்போம்.